பன்னிரண்டாம் நம்பர் டோரீன்

டோரீன் ஹெஸ்லப்புக்கு வட இங்கிலாந்தின் அந்தத் துறைமுக ஊரில் இரண்டே வேலை. வாரம் முழுக்கப் பன்னிரண்டாம் நம்பர் பஸ் ஓட்டுவது. ஆட்டம் இருக்கும் சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு மைதானத்தில் ஊர்க் கால்பந்து கிளப்புக்காகத் தொண்டை கிழியக் கத்துவது. முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் போனது. பாலைவன அரசு ஒன்று கிளப்பை வாங்கியதும் இரண்டாவது வேலையை அவளே விட்டுவிட்டாள்.

காரணம் மாடிவீட்டு ஹனூஃப். அந்த நாட்டிலிருந்து தப்பி வந்தவள். இணையத்தில் நாலு வரி எழுதியதற்காக அவள் தம்பி ஸாமிலுக்கு அங்கே பதினெட்டு வருஷச் சிறை. அவனை அடைத்துவைத்தவர்களின் கிளப்புக்கு டோரீனால் கைதட்ட முடியவில்லை.

விட்டாளே தவிர, மனசு விட்டதா? எங்கே! ஆட்ட நாளில் பஸ் நிறைய கிளப் சட்டைகள். எல்லாரையும் மைதான வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே அந்தச் சத்தம் எழும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஏங்கிப் போவாள். பச்சை விளக்கு விழுந்ததுகூடத் தெரியாது.

"நீயும் இறங்கி வாயேன் டோரீன், காலு என்ன ஒடிஞ்சா போயிடும்?" மைதானத்தில் முன்பு அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரனாக இருந்த நெவில் தவறாமல் சீண்டுவான்.

"வாயை மூடிட்டு இறங்குடா. புது விதி வரட்டும், வர்றேன்."

மனித உரிமையை மிதிப்பவர்கள் கிளப் வைத்திருக்கக் கூடாது என்று, போட்டிகளை நடத்தும் லீக் அமைப்பு விதி கொண்டுவருவதாகப் பேச்சு. மூன்று வருஷம் காத்திருந்தாள். விதியும் வந்தது. வந்து என்ன? கிளப் அரசின் கையில் இல்லையாம், அரசின் முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறதாம்; அதனால் விதி செல்லாதாம். டோரீன் நெவிலிடம் பொரிந்து தள்ளினாள்.

"என் கைதான் திருடுச்சு, நான் திருடலைன்னா விட்ருவாங்களா?"

அந்த வாரம் ஹனூஃப் இறங்கி வந்தாள். "ஸாமில் ஜெயில்லேருந்து அம்மாவுக்கு ஃபோன் பண்ணான் டோரீன். மாசம் பத்து நிமிஷம்தான் விடுவாங்க. காவலாளி பக்கத்துலயே நிப்பான், பந்தாட்டம் தவிர எதுவும் பேச முடியாது. உங்க டீம்ல புதுசா வந்த, இடதுபக்கம் ஆடற பையன் எப்படி ஆடறான்னு கேட்டானாம். பாவம், அம்மாவுக்கு என்ன தெரியும்?"

"இந்த டீமையா கேக்கறான்?"

"ஏழு வயசுலேருந்தே அவனுக்கு உங்க டீம்தான். இவங்க வாங்கறதுக்கு எவ்வளவோ முன்னாடி. நீங்களாவது சொல்லுங்களேன், எப்படி ஆடறான்?"

"எனக்கும் தெரியாதே கண்ணு," என்றவள் அழுதேவிட்டாள். யாருக்காக விட்டாளோ, அவனும் இதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த ஆட்டத்துக்கு, நெவிலின் மருமகனுடைய சீட்டை வாங்கிக்கொண்டு போனாள். குற்ற உணர்ச்சி விடவில்லை. அதையும் மீறி அந்தப் புல்லைப் பார்த்ததில் அப்படியொரு சந்தோஷம். இடதுபக்கத்துப் பையன் எங்கே ஓடினான், எப்போது வழுக்கினான், அம்மா வழியாக ஸாமிலுக்குப் போய்ச் சேரட்டும் என்று ஒன்று விடாமல் மனசில் போட்டுக்கொண்டாள். கடைசி நிமிஷத்தில் அவனே கோல் போட்டான். மேலே கண்ணாடி அறையில் அந்த அரசின் ஆட்களும் எழுந்து கைதட்டினார்கள்.

டோரீன் எழுந்து நின்று, மூன்று வருஷத்துச் சத்தத்தையும் சேர்த்துக் கத்தினாள்: "ஸாமில்! ஸாமில்!"

"அடியே, கோல் போட்டவன் பேரு அது இல்ல!" என்றான் நெவில்.

"தெரியும்டா. நீயும் கத்து."