குண்டூசிக்கு வயது ஏழு

பள்ளிக்கூட வாசலில் முதலில் தெரிவது பைதான். அச்சகத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சாகி வீணாய்ப் போன தாள்கள், முனை மழுங்கிய கத்தரிக்கோல்கள், தேய்ந்து சுண்டுவிரல் அளவாகிவிட்ட கலர் பென்சில்கள் என்று எல்லாவற்றையும் திணித்து வயிறு புடைத்த துணிப்பை. அதற்குப் பின்னால்தான் புத்தக அத்தை வருவாள். பிள்ளைகள் வைத்த பெயர் அது. தலைமையாசிரியர்களுக்கு அவளைக் கண்டதும் முகம் லேசாகத் தொங்கிப்போகும். எழுத்தாளர் என்றால் காரில் வந்து இறங்குவார், மைக்கைப் பிடித்தால் மணியடிக்கும்வரை விடமாட்டார் என்று நினைத்து நாற்காலியெல்லாம் துடைத்துப் போட்டு வைத்திருப்பார்கள். இவளோ ஸ்கூட்டரின் பின்னாலிருந்து இறங்கி, "தண்ணி எங்கங்க கிடைக்கும்?" என்றுதான் முதல் வார்த்தை பேசுவாள்.

பிழைப்பு அச்சகத்தில். பிழை திருத்துகிற வேலை. மருந்துக்கடை விளம்பரம், சங்கத்து ஆண்டறிக்கை, எவரோ ஒரு பெரிய மனிதர் தன்னைத் தானே புகழ்ந்து எழுதிக்கொண்ட வாழ்க்கை வரலாறு எல்லாம் அவள் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும். பள்ளிகள் கூப்பிடும் நாட்களில் விடுப்பு எடுத்துக்கொள்வாள். முதலாளி முணுமுணுப்பார். ஆனால் அவளுடைய புத்தகங்களை அச்சடித்துக் கொடுப்பதும் அவர்தான் என்பதால், முணுமுணுப்பு வாசலைத் தாண்டாது.

எல்லாப் புத்தகங்களிலும் ஒரே நாயகன். குண்டூசி. பெயருக்கேற்ற ஒல்லி. போகிற இடமெல்லாம் ஒரு கேள்வியைக் குத்திவிட்டு வருகிற பயல். மழைக்கு ஏன் குடை பிடிக்கவில்லை என்று டீச்சர் கேட்டால், குடைக்குக் குடை யார் பிடிப்பது என்று திருப்பிக் கேட்பான். தூங்குகிற வாட்ச்மேனின் விசிலை எடுத்து ஊதி, வாட்ச்மேனையே ஓடவிடுவான். ரெண்டாம் வகுப்பு படிக்கிறான். வயது ஏழு. முதல் புத்தகத்திலும் ஏழுதான், போன மாதம் வந்த புத்தகத்திலும் ஏழுதான்.

பள்ளிகளுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. குண்டூசி நிஜமாக இருந்தான். அவள் வயிற்றில் பிறந்த ஒரே பிள்ளை. அந்தப் பட்டப்பெயர் அவன் அப்பா வைத்தது. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், நாளைக்குச் சரியாகிவிடும் என்றார்கள். நாளை வந்தது, பிள்ளைதான் இல்லை. அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகக் கேட்ட கேள்வி, "ஊசிக்கு எல்லாம் வலிக்காதாம்மா?" என்பது. அதைத்தான் முதல் புத்தகமாக எழுதினாள். அழுதுகொண்டே எழுதினாள். படித்த பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை.

பள்ளியில் அவள் செய்கிற வேலை எளிது. முதலில் ஒரு கதை வாசிப்பாள். பிறகு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து மடிக்கச் சொல்வாள். நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒன்று, மறுபடி ஒன்று. நடுவில் ஒரே ஒரு வெட்டு. இரண்டு பக்கமும் பிடித்து உள்ளே தள்ளினால் தாள் நாலு இதழாய் விரிந்து, அப்படியே படிந்து குட்டிப் புத்தகமாகிவிடும். பிள்ளைகள் "ஓ" என்று கத்துகிற இடம் அது. அதில் குண்டூசியை வைத்து அவரவர் கதையை எழுத வேண்டும். என்ன வேண்டுமானாலும் எழுதலாம். அவனை நிலாவுக்கு அனுப்பலாம், பாம்பு வாயில் போடலாம், தலைமையாசிரியர் ஆக்கி வேலைநீக்கம்கூடச் செய்யலாம்.

"ஒண்ணே ஒண்ணுதான். அவன் வயசை மட்டும் மாத்தக் கூடாது. குண்டூசிக்கு எப்பவும் ஏழுதான். சரியா?"

"சரி அத்தை" என்று வகுப்பே சொல்லும். ஏன் என்று யாராவது கேட்டால், "அது குண்டூசியோட ரகசியம்" என்று கண்ணடிப்பாள். பிள்ளைகளுக்கு ரகசியம் என்றால் போதும், அதற்குமேல் கிண்டமாட்டார்கள்.

அவளுடைய அக்காதான் ஒருமுறை வாயைக் கொடுத்தாள். "பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமாடி? அவன் போயிட்டான். நீ இன்னும் அவனுக்கு ரெண்டாங்கிளாஸ் பையை மாட்டி அனுப்பிக்கிட்டே இருக்க." அன்றிலிருந்து ஒரு வருஷம் அக்கா வீட்டுப் பக்கம் அவள் தலைவைத்துப் படுக்கவில்லை.

புருஷன் விஷயம் வேறு. அவருக்கு வீடு வீடாகப் போய் வயரிங் பார்க்கிற வேலை. அடிக்கிற கையும் இல்லை, அதிர்ந்து பேசுகிற வாயும் இல்லை. பிள்ளை போன சில வருஷங்கள் கழித்து ஒருநாள், பழுதான மிக்ஸியைத் தரையில் பிரித்துப் போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "இருந்திருந்தா இந்த வருஷம் ஹைஸ்கூல் போயிருப்பான், இல்லம்மா?"

அவள் கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே கீழே போட்டாள். "போகல. எங்கயும் போகல. அவனுக்கு ஏழு வயசு. இனிமே என் காதுல விழற மாதிரி இப்படிப் பேசினீங்க, நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்று கத்தினாள். அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து வேலையைத் தொடர்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து பிள்ளையின் பேச்சே வரவில்லை. அவளைப் பள்ளிகளுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார், வாசலோடு சரி. உள்ளே வாங்க என்று அவள் கூப்பிட்டால், "வண்டிய யாரு பாத்துக்கறது?" என்பார். அந்த வண்டியைத் திருடுகிறவன் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அப்படிப்பட்ட வண்டி! அவளுடைய புத்தகங்களில் ஒன்றைக்கூட அவர் பிரித்துப் பார்த்ததில்லை. ஆம்பிளை மனசு கல், மறந்து தொலைத்துவிட்டார் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அந்தக் கோபம் வருஷக்கணக்காக அவளுக்குள் உப்புப் போல ஊறிக்கிடந்தது.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. புதிதாய் வேலைக்குச் சேர்ந்த இளம் டீச்சர் ஒருத்தி. கால் தரையில் படாத உற்சாகம். வாசலுக்கே ஓடிவந்து பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மேடம், உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்! நீங்க சொல்லித்தர அந்தக் குட்டிப் புத்தகத்தை நாங்களே முன்னாடியே செஞ்சு வச்சுட்டோம். பசங்க ரெண்டு நாளா சாப்பாட்டு நேரத்துலகூட எழுதினாங்க. நீங்க வாசிச்சுக் காட்டினா போதும்!"

வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்புகளில் குட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். கரும்பலகையில் கலர் சாக்பீஸால் பெரிதாகத் தலைப்பு: "குண்டூசி பெரியவனாகிவிட்டான்."

புத்தக அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். விதியைச் சொல்ல அவளுக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. டீச்சரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. பாவம், அந்தப் பெண் நல்லதைத்தான் நினைத்துச் செய்திருக்கிறாள். வகுப்பு முழுக்க முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாமா என்று நினைத்தாள். ஒரு பயல் தன் புத்தகம் எது என்று பக்கத்துப் பயலிடம் விரலால் காட்டிக்கொண்டிருந்தான். அவள் கையை நீட்டி முதல் புத்தகத்தைக் கழற்றினாள்.

முதல் கதையில் குண்டூசி போலீஸ். திருடனைக் கேள்வி கேட்டுக் கேட்டே அழவைத்துவிடுகிறான். இரண்டாவதில் நன்றாகத் தின்று பெருத்து, இப்போது எல்லோரும் அவனைக் 'கடப்பாரை' என்று கூப்பிடுகிறார்கள். வகுப்பு சிரித்து உருண்டது. அவளும் சிரித்துத் தொலைத்தாள். சிரித்ததும் ஏதோ துரோகம் செய்துவிட்டது போலிருந்தது. இன்னொன்றில் பஸ் ஓட்டுகிறான், இன்னொன்றில் கல்யாணம் கட்டிக்கொண்டு மனைவியிடம் திட்டு வாங்குகிறான். மூக்குக்குக் கீழே கறுப்புப் பென்சிலால் அழுத்தி அழுத்தி மீசை வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு மீசையாக அவள் உற்றுப் பார்த்தாள். அவன் உதட்டுக்கு மேலே அவள் கண்டதெல்லாம் பால் நுரை மட்டும்தான்.

கடைசியில், ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமியின் புத்தகம். புத்தக அத்தை வாசித்தாள்.

"குண்டூசிக்கு இப்போது இருபது வயது. வேறு ஊரில் வேலை. அம்மா தினமும் போன் செய்வாள். சாப்பிட்டாயா என்று கேட்பாள். அவன், வேலையாய் இருக்கிறேன் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவான். அப்புறம் பேசமாட்டான். அம்மா போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்."

அவள் அங்கேயே நிறுத்திவிட்டாள். இரண்டு பக்கம் மீதமிருந்தது. எந்தத் தாயும் குறைப்பட்டுக்கொள்கிற சமாசாரம் அது. ஆனால் அவளுக்கு அந்தக் கதைத் தாயின் மேல் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை கொடுத்துவைத்தவள்! பிள்ளை போனை வைத்துவிடுகிறான் என்று உட்கார்ந்து அழுகிறாள்!

சிறுமி எழுந்து நின்றாள். "எங்க அண்ணன் அப்படித்தான் பண்றான் அத்தை. அதான் எழுதினேன். தப்பா?"

"இல்லடா கண்ணு. தப்பே இல்ல."

"அப்புறம் ஏன் அழறீங்க?"

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. புத்தக அத்தை கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "நல்லா எழுதியிருக்க. அதான். இத நான் எடுத்துட்டுப் போகட்டுமா?"

சிறுமி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

வாசலுக்கு வெளியே, மதில் நிழலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவர் அதன்மேல் சாய்ந்திருந்தார். அவள் நேரத்தோடு வருவதைப் பார்த்து நிமிர்ந்தார். "என்னம்மா, அதுக்குள்ள முடிஞ்சுதா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

அவள் குட்டிப் புத்தகத்தை நீட்டினாள். எதற்கு நீட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. யாரிடமாவது காட்ட வேண்டும், காட்டுவதற்கு உலகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார். எப்போதும் போல 'அப்புறம் பாக்கறேன்' என்று வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தாள்.

அவர் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தார். கட்டை மீசை வைத்த இளைஞன், கையில் போன். வெகுநேரம் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் அந்த மீசையைத் தொட்டார்.

"இவ்வளவு இருக்காது" என்றார்.

"என்னது?"

"மீசை. இருபதுல இவ்வளவு வந்திருக்காது. எங்கப்பாவுக்கும் லேட்டு, எனக்கும் லேட்டு. இவனுக்கு இப்பதான் லேசா பூனை முடி மாதிரி விட்டிருக்கு. அதையே கண்ணாடில பாத்து பாத்து முறுக்கிக்கிட்டு கெடக்கான்."

அவள் அவரையே பார்த்தாள். அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேச்சு சர்வசாதாரணமாக, பக்கத்துவீட்டுப் பையனைப் பற்றிச் சொல்வது போல வந்தது.

"உயரம்..." என்று கேட்டாள். "உயரம் எவ்வளவு இருப்பான்?"

"என்னைத் தாண்டிட்டான். நீ அண்ணாந்துதான் பாக்கணும். செருப்பு வாங்கினா ஆறு மாசம் தாங்கறதில்ல."

"என்ன படிக்கறான்?"

"மெஷின் சம்பந்தமா ஏதோ. நான் எலக்ட்ரிகல் எடுன்னு சொன்னேன், கேக்கல. பத்தாவதுல கணக்குல கோட்டை விட்டுட்டு, அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பான்னு கையப் புடிச்சுக்கிட்டான். நான் சொல்லல."

ஒவ்வொரு கேள்விக்கும் அவர் யோசிக்கவே இல்லை. எல்லாம் தயாராக இருந்தன. ஸ்கூட்டரில் போகும்போது, ஏணிமேல் நின்று வயரை இழுக்கும்போது, பள்ளி வாசல்களில் அவளுக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் அவர் பிள்ளையை வளர்த்திருக்கிறார். ஒவ்வொரு வகுப்பாக ஏற்றியிருக்கிறார். காலை வாரிய பரீட்சைக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல், தனியாளாக. அவள்தானே வாயை மூடச் சொன்னாள். கல் என்று அவரை நினைத்த நாட்களெல்லாம் அவளைச் சுட்டன. அவள் பிள்ளையை ஒருமுறை இழந்தாள். அந்த மனுஷன் அவனை எட்டு வயதில் இழந்தார், ஒன்பதில் இழந்தார், பிறந்தநாள் தவறாமல் இழந்துகொண்டே இருந்திருக்கிறார்.

"ஏங்க" என்றாள். ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்ட எப்படிங்க இருக்கான்? என்கூட நல்லா பேசறானா?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதர், அப்போதும் பொய் சொல்லவில்லை.

"இப்பல்லாம் நம்ம ரெண்டு பேர்கிட்டயுமே சரியாப் பேசறதில்லம்மா. அந்த வயசு அப்படி. போகப் போகச் சரியாயிடுவான்."