பத்து நிமிடம் முன்னும் பின்னும்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று என் வயிற்றில் பிறந்தவை. இரண்டு, என் தங்கை கண்மூடியபோது என் மடிக்கு வந்தவை. ஒன்றும் சோடை போகவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். படிப்பது எழுத்துக்கூட்டித்தான், எழுதுவது அதைவிட மெதுவாக. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

தங்கையின் சின்ன மகள் இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறாள். ஒரு லோக்கல் கன்னட சேனலில் வேலைக்குப் போகிற பெண்களைப் பேட்டி எடுத்துப் போடுகிறார்கள். அவளையும் கூப்பிட்டு எடுத்தார்கள். இரண்டு வாரம், வாரத்துக்கு அரை மணி, இரவு எட்டரைக்கு. சின்ன சேனல், மறுபடி போடமாட்டார்கள், போனிலும் வராது. அந்த நேரத்தில் அவள் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"பெரிம்மா, உங்க கம்ப்யூட்டர்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சிரு. என் மூஞ்சி டிவில எப்டி கீதுன்னு நானும் பாக்கணும்ல" என்றாள்.

வாய் திறந்து ஒன்றைக் கேட்கிற பெண்ணல்ல அவள். தீபாவளிக்கு அக்காவின் பாவாடையைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாலும் "பரவால்ல" என்று வாங்கிக் கட்டிக்கொள்வாள். கன்னடத்திலும் அதே சொல்தான், தமிழிலும் அதே சொல்தான்; இரண்டிலும் அவளுக்கு அது ஒன்றே போதும். அப்படிப்பட்டவள் கேட்டாள். சரி என்றேன்.

மர்பி டவுனில் எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர் இருக்கிறது. என் வீட்டுக்காரர் வைத்தது. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனபின், மகனிடம் கேட்டுக் கேட்டு அவரே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டினார். கேபிள் ஒயர் அதற்குள் போகும்; நாம் சொன்ன நிகழ்ச்சியைச் சொன்ன நேரத்தில் அது பிடித்து வைத்துக்கொள்ளும். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது.

முதல் வாரம் சொந்தத்தில் ஒரு ரிசெப்ஷன். மகன் அன்று காலையிலேயே கம்ப்யூட்டரில் சொல்லி வைத்தான். நம்பிப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் மருமகளின் சீரியல் இருக்கிறது, பேட்டி இல்லை.

மகன் திரையைப் படித்தான். "கான்ஃப்ளிக்ட்னு போட்டிருக்கும்மா."

"அப்டின்னா?"

"சண்டை."

"யாருக்கும் யாருக்கும்?"

சமையலறையிலிருந்து மருமகள், "நமக்குள்ளதான் இருக்கும் அத்தை, வேற யாரு கீறாங்க" என்றாள். சிரித்தோம். ஆனால் போனில் அந்தப் பெண்ணிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பரவால்ல விடு பெரிம்மா" என்றாள்.

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த வாரம் ஒன்று பாக்கி இருந்தது. அதுவும் போனால் அவள் ஆயுசுக்கும் பரவாயில்லை என்றே சொல்லிக்கொண்டிருப்பாள்.

மகனைப் பிடித்து உட்காரவைத்தேன். அவன் ஒயரைக் கழற்றி வேறு ஒயர் மாட்டினான். பெட்டியைத் திறந்து தூசி தட்டினான். அணைத்துப் போட்டான். பகலில் சோதித்துப் பார்த்தால் எந்த சேனலும் ஒழுங்காகப் பதிந்தது. எட்டரைக்குச் சொல்லி வைத்தால் மட்டும் முடியாது என்றது.

"உள்ள ரெண்டு டியூனர்மா. ஒரு டியூனர் ஒரு நேரத்துல ஒரு சேனலத்தான் புடிக்கும். எட்டரைக்கு மூணு சேனல் கேக்குது போல."

"நம்ம சந்துல ரெண்டு கொழா இருந்திச்சே, அந்த மாதிரியா?"

"அதே மாதிரி."

"ஒண்ணு உன் பொண்டாட்டி சீரியல். ஒண்ணு நம்ம பொண்ணு. மூணாவது கொடம் யாருது?"

மருமகள் என்னைப் பார்த்தாள். "நீங்க சாமிப் பாட்டு எதுனா போட்டு வெச்சிருக்கீங்களா அத்தை?"

"நான் அந்த ரிமோட்டத் தொட்டே வருஷமாவுது. நீ ரெண்டாவதா ஒரு சீரியல் புடிச்சிருக்கியா?"

"ஒண்ணுக்கே நேரம் இல்ல, நீங்க வேற!"

வரப்போகிற பதிவுகள் இருக்கும் பக்கத்தை மகன் திறந்தான். அதில் எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. நிகழ்ச்சியின் பெயர் இல்லை. ஒரு சேனல் நம்பரும் நேரமும் மட்டும். தினமும், எட்டு இருபதிலிருந்து ஒன்பது பத்து வரை. எனக்குப் புரிந்துவிட்டது.

ஷிஃப்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் கேட்டில் நிற்பவர் என் வீட்டுக்காரர். சங்கு ஊதிப் பத்து நிமிடம் கழித்துத்தான் கிளம்புவார். கல்யாணமோ சாவோ எங்கே போனாலும் அதே கணக்கு. அவர் ரிடையர் ஆனபிறகும் நான் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தேன்; வீடு வர ஒன்பதரை ஆகும். எட்டரைக்குத் தமிழில் ஒரு பட்டிமன்றம் போடுவார்கள், எனக்குப் பிடிக்கும். அதை எனக்காகப் பிடித்து வைத்திருப்பார். நான் வந்தபிறகு இருவரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்ப்போம். நான் தூங்கிவிழுந்தால் கரண்டியால் தட்டை ஒரு தட்டு தட்டுவார்.

அவர் போனபின் நான் பார்ப்பதை விட்டேன். பட்டிமன்றமும் நின்றுபோனது. கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? அது தினமும் எட்டு இருபதுக்கு எழுந்து எனக்காகப் பிடித்திருக்கிறது. பழையதைத் தானே அழித்துவிட்டுக் கடைசி மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளும்படி சொல்லியிருந்தார். அதனால் இடமும் நிறையவில்லை, யாருக்கும் தெரியவுமில்லை. மூன்றாவது ஆள் கேட்டபோதுதான் தெரிந்தது.

"என் சீரியல எடுத்துடுங்க. மாமா வெச்சது இருக்கட்டும்" என்றாள் மருமகள். நல்ல மனசு அவளுக்கு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

எங்கள் சந்துக் குழாயில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டுக் குடத்தை வரிசையிலிருந்து யாரும் தள்ளமாட்டார்கள். முறை வந்தால் பக்கத்து வீட்டுக்காரி தண்ணீரைப் பிடித்துக் கொடுத்துவிட்டுக் குடத்தைத் திரும்ப வரிசையில் வைப்பாள். காரியம் முடிந்த மறுநாள் அந்த வீட்டுப் பெண்ணே வந்து குடத்தைக் கையால் எடுக்க வேண்டும். அவள் எடுக்கும்வரை அது அங்கேயே இருக்கும். எடுத்துவிட்டால் அவளும் எல்லோரையும் போல வரிசையில் ஒருத்தி.

என் வீட்டுக் குடம் மூன்று வருஷமாக வரிசையில் நின்றிருக்கிறது.

மகன் பொத்தானை அமுக்கப் போனான். "நீ தொடாத, குடு இப்டி" என்று ரிமோட்டை வாங்கினேன். எந்தப் பொத்தான் என்று காட்டினான். அமுக்கினேன். திரையில் ஏதோ வந்தது.

"நிச்சயமான்னு கேக்குதும்மா."

ரிமோட்டை முந்தானையால் ஒருமுறை துடைத்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அமுக்கினேன். அந்த வரி போய்விட்டது. அடியில் இருந்த இரண்டும் ஒரு படி மேலே ஏறின.

"அப்பா போட்டு வெச்சது புடிச்ச கடைசி மூணு இருக்கு. வெச்சிக்கலாமா?"

"இன்னா கீது அதுல?"

ஓடவிட்டான். மூட்டுவலித் தைலம், நகைக்கடை, எல்லாம் விளம்பரம்.

"எடுத்துடு. பொண்ணோடத உங்கப்பா போடற மாதிரியே போடு. பத்து நிமிஷம் முன்னாடி, பத்து நிமிஷம் பின்னாடி."

இரண்டாவது வாரம் நிகழ்ச்சி தாமதமாகத்தான் ஆரம்பித்தது. ஒன்பதைத் தாண்டியும் ஓடியது. பேட்டி எடுத்த பெண் கடைசியாகக் கேட்டாள், பஸ் ஓட்டப் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லையா என்று. காக்கிச் சட்டையில் இருந்தவள் யோசிக்காமல் சொன்னாள்: "நம்மம்மா பேடா அன்லில்ல." எங்கம்மா வேண்டாம்னு சொல்லலை.

பெரியம்மாவுக்குக் கன்னடத்தில் தொட்டம்மா என்று ஒரு சொல் இருக்கிறது. அவளுக்குத் தெரியாததல்ல. வீட்டில் இந்த நாள்வரை பெரிம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். ஒரு நாளும் மாற்றியதில்லை.

மறுநாள் டியூட்டி முடிந்து நேராக வந்தாள். தரையில் உட்கார்ந்து முழுதும் பார்த்தாள். அந்த இடம் வந்தபோது குனிந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டாள். நானும் அவளைப் பார்க்கவில்லை.

"சோறு போடட்டுமா?"

"போடு, பசிக்குது" என்றாள். பரவால்ல என்று சொல்லவில்லை.

"ஆயா, அவ்ளோதானா?" என்கிறாள் பேத்தி. அவ்வளவுதான். எங்கே, முதலிலிருந்து வாசி கண்ணு, மெதுவாக. அந்தக் கன்னடப் பேச்சு வரும் இடத்தில் உன் அத்தை சொன்ன மாதிரியே சொல்லு.