அப்டேட் வந்திருக்கிறது

என் மனைவி காணாமல் போனது பெருங்களத்தூரில். பொங்கலுக்கு ஊர் போகும் கூட்டம். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் எனக்குப் பஞ்சர் கடை. அவளுக்கு மறதி நோய். வீட்டில் தனியாக விட முடியாது என்று கடையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தேன். ஒரு டயரைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன். ஸ்டூல் காலி. தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினாள் என்றார் எதிரே இளநீர் விற்பவர். எந்த பஸ் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். "எதுனா அப்டேட் வந்தா நாங்களே போன் பண்றோம்" என்றார் ஏட்டு. அடுத்தடுத்துப் போனபோதும் அதையே சொன்னார். அப்டேட் என்றால் அவளைப் பற்றிய சேதி. நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

போஸ்டரில் என் போன் நம்பரைப் போட்டேன். வந்ததெல்லாம் ஏமாற்று. "அந்தம்மா எங்ககிட்டதான் கீது, பணம் அனுப்பு" என்பான். அவள் குரலைக் கேட்க வேண்டும் என்றால் வைத்துவிடுவான்.

மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் என்னிடம் வாடிக்கையாகப் பஞ்சர் ஒட்ட வருகிறவன். "நம்பரத் தூக்குண்ணா. இன்டர்நெட்ல ஒரு பிளாக், உனக்குன்னு ஒரு பக்கம், போட்டுத் தர்றேன். போஸ்டர்ல அந்த அட்ரஸ் மட்டும் இருக்கட்டும். பாத்தவங்க அதுல எழுதட்டும்" என்றான். போட்டுத் தந்தான். மேலே அவள் படம். கீழே எழுதுகிற கட்டம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியுமா என்று கேட்டேன். அதற்கென்று இலவசமாக ஒரு கவுன்ட்டர் கிடைத்தது. அதையும் சேர்த்துக் கொடுத்தான்.

பஸ் டிரைவர்கள் கையில் போஸ்டர்களைக் கொடுத்து அனுப்பினேன். செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம் என்று அவர்களே ஒட்டினார்கள்.

ஒரு நாள் போனில் பிளாக்கைத் திறந்தேன். மேலே சிவப்பாக ஏதோ இருந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும். கூட்டினேன். அப்டேட் வந்திருக்கிறது என்று இருந்தது.

கையைக்கூடக் கழுவவில்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஓடினேன். ஜெராக்ஸ் கடைக்காரன் போனை வாங்கிப் பார்த்தான்.

"இது அந்த அப்டேட் இல்லண்ணா. அந்த கவுன்ட்டருக்கு வந்தது. அமுக்கிடு, அதுவே சரி பண்ணிக்கும்."

தலையாட்டினேன். அமுக்கவில்லை. அந்தச் சொல்லை மறுபடி பார்க்கவே பிடிக்கவில்லை. அதற்குப் பிறகும் பல தடவை வந்தது. மேலே பார்க்காமல் கீழே தள்ளிவிடுவேன்.

வெயில் காலத்தில் கவுன்ட்டர் ஏறியது. அதுவரை நாளுக்குப் பத்துப் பேர், இருபது பேர். இப்போது ஆயிரக்கணக்கில். ஊரே அவளைத் தேடுகிறது என்று நினைத்தேன். எழுதுகிற கட்டமும் நிரம்பியது. இங்கிலீஷ், தெரியாத எழுத்து எல்லாம் வந்து கொட்டியது. தமிழ் எழுத்து கண்ணில் படுகிறதா என்று தினமும் தள்ளிக்கொண்டே போவேன். படவில்லை.

கடைச் சுவரிலும் ஒரு போஸ்டர் உண்டு. மழை தொடங்கிய சமயம், ட்யூப் மாற்ற வந்த ஒரு பையன் சும்மா நிற்காமல் அதில் அட்ரஸுக்குப் பக்கத்தில் இருந்த க்யூ.ஆர். கட்டத்தை போனில் பிடித்தான். சிரித்தான்.

"இன்னாண்ணே, ரம்மி ஏஜென்சி எட்த்துட்டியா? போட்டோ காட்டிட்டு சீட்டாட கூப்டுது?"

என் போனில் திறந்து காட்டினேன். அவள் படம்தான் இருந்தது. அவன் போனில் அவள் படம் வந்து நின்றது. ஒரு நிமிஷம்கூட இல்லை. சீட்டாட்டம் வந்தது. அவனும் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

ஜெராக்ஸ் கடைக்காரன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"அப்டேட்ட அமுக்கவே இல்லியாண்ணா?"

"இல்ல."

"அந்த கவுன்ட்டர்ல ஓட்ட இருந்துக்குது. அத்த அடைக்கத்தான் அப்டேட் அனுப்பிச்சிருக்கான். நீ வுட்டுட்ட. அது வழியா பூந்துட்டானுங்க. ஓனரு நீ தொறந்தா மட்டும் நல்ல பக்கத்தக் காட்டும். மத்தவனுக்கெல்லாம் ரம்மி. பெரிய பேஜாருண்ணா இது."

"பாத்ததெல்லாம் யாரு? ஆயிரம் ஆயிரமா காட்டுச்சே."

"ஆளே இல்லண்ணா. மிஷினு."

அவன் கவுன்ட்டரைத் தூக்கினான், பாஸ்வேர்டை மாற்றினான். பிறகு குப்பையை அழிக்க ஆரம்பித்தான். மொத்தமாக அழிக்காதே, படித்துவிட்டு அழி என்றேன். முனகினான். ஆனாலும் படித்தான். மருந்து, சீட்டு, கடன், சீட்டு. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. திடீரென்று நிறுத்தினான்.

"அண்ணா, இது தமிழ்."

"எங்க?"

"இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிச்சிருக்காங்க."

வாசித்தான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார், சாப்பாடு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், சீக்கிரம் வாங்க. மறுநாள் தேதியில் இன்னொன்று. ஏன் யாரும் வரவில்லை? அதற்கு அடுத்த நாளும் ஒன்று. இன்றைக்கும் இருக்கிறார். பூக்கடையில் கேளுங்கள்.

மூன்றும் வெயில் காலத்தில் எழுதியவை. நான் விரலால் தள்ளியவற்றில் அவையும் இருந்திருக்கின்றன.

விடிந்ததும் திண்டிவனம் போனேன். பூக்கடையில் ஒரு பெண் சரம் கட்டிக்கொண்டிருந்தாள். போஸ்டரைக் காட்டினேன். முதலில் அதைப் பார்த்தாள், பிறகு என்னை.

"நீங்க யாரு அவங்களுக்கு?"

"வீட்டுக்காரன்."

"இப்பதான் வழி தெரிஞ்சுதா? எழுதி எழுதி என் கைதான் வலிச்சுது. எழுதினா சீட்டாடக் கூப்பிடுது. வர்றதுக்கு ஆளில்லன்னா எதுக்கு ஒட்டுறீங்க?"

"தப்புதாம்மா. அவ எங்க?"

குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒரு வாரம் போல இருந்தாங்க. ஒரு நாள் காலையில வந்து பாக்குறேன், ஆளைக் காணோம். எந்த பஸ்ல ஏறினாங்களோ, நடந்தே போனாங்களோ. டிரைவர் கண்டக்டர் எல்லாரையும் கேட்டுட்டேன். போலீஸ்லயும் சொன்னேன்."

"உடம்பு எப்படி இருந்துச்சு?"

"கால் வீங்கியிருந்துச்சுண்ணா."

எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டேன். தூண் பக்கத்துச் சிமெண்டுத் திண்டைக் காட்டினாள். அங்கே ஒரு பெரியவர் பையோடு உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து போகும் வரை நின்றேன். பிறகு நான் உட்கார்ந்தேன்.

தாம்பரம் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது.