அட்டையைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார்

இனி மறுபதிப்பு வராத பழைய வெளிநாட்டுப் படங்களின் டிவிடிகளைத் தேடிச் சேர்ப்பேன். படித்த பிள்ளை வாங்குகிறதென்று வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் அடுக்கியிருந்தேன்.

ஹல்துமுல்லையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒரு டிவிடியை உருவினார். அட்டையில் ஒரு பெண் முதுகு தெரியக் குளித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க தம்பி இது?"

"உலகப் புகழ்பெற்ற படங்க. இனிமே கிடைக்காது."

"அதான் இவ்வளவு சேர்த்து வச்சிருக்கீங்களோ! பொம்பளப் புள்ளையும் சேர்ந்துதான் பாக்குதா?"

"ஆமாங்க, அக்காவுக்கும் ரொம்பப் பிடிக்கும்" என்றேன் பெருமையாக.

தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்து போனார்கள். பேச்சு தோட்டமெங்கும் பரவியது.

இப்போது எல்லா அட்டைகளுக்கும் பிரவுண் பேப்பர் உறை போட்டிருக்கிறேன். அக்காவைப் பார்க்க அதற்குப்பின் யாரும் வரவில்லை.