நீங்க என்ன குடி?

என் மகளுக்கு 'மறுகா' என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தது நான் இல்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்து, "சாப்பிட்டிட்டியோ?" என்று கேட்டேன். "மறுகா சாப்பிடுறன்" என்றாள். 'பிறகு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'மறுகா'. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்பில் கல்லடிக்கு வந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "பிறகு எண்டு சொல்லு" என்றேன். "ஓம்கா" என்றாள், இந்தப் பக்கத்துக் 'கா'வையும் சேர்த்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊரிலிருந்து புறப்படும்போது ஆளுக்கு ஆள் என்னை எச்சரித்துத்தான் அனுப்பியிருந்தார்கள். மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. போன ஆம்பிளை அங்கேயே தங்கிவிடுவான், திரும்ப மாட்டான் என்று அர்த்தம். "மனுசனைக் கவனமாப் பாத்துக்கொள்" என்று சித்தி என் காதுக்குள் சொன்னார். நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அவர் பாவம், தன்னாமுனைப் பக்கம் வேலைக்குப் போவார், வருவார், போனில் கிரிக்கெட் பார்ப்பார், தூங்கிவிடுவார். பாயில் ஒட்டியது ஐந்து வயதுக்காரி.

ஒட்டவைத்தவர் எங்கள் வீட்டுக்காரம்மா. முன்வீட்டில் அவர், பின்பக்கத்து இரண்டு அறைகளில் நாங்கள். கணவர் இல்லை. இரண்டு மகன்மாரும் வெளிநாட்டில். நான் புளியந்தீவில் வங்கிக்குப் போய்விடுவேன். நேர்சரி விட்டதும் மகளைக் கூட்டிவந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான். நான் கேட்கவில்லை. "நான் சும்மாதானே இருக்கன், புள்ள நம்மளோட நிக்கட்டும்" என்று அவராகவே சொன்னார். இப்படி ஒருவர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று வங்கியில் எல்லோரும் சொன்னார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் எரிந்தது.

எனக்குக் கடல் பழக்கமில்லை. தோட்டமும் கிணறுமாக வளர்ந்தவள். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, படுத்தால் காதுக்குள் அலை. காற்றுப் பலமாக அடித்தால் கதவைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். மகளோ பின்னேரங்களில் பெரியம்மாவோடு கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போய்விடுவாள். வீட்டுக்காரம்மாவைத்தான் அவள் பெரியம்மா என்பாள். யார் அப்படிக் கூப்பிடச் சொன்னது என்று கேட்டால், "ஒருத்தரும் சொல்லல்ல" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்களோடு போனேன். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள், "என்ன மனே, இண்டைக்கு லேட்டு?" என்று அவளைக் கேட்டார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வங்கியில் நான் 'மெடம்', தெருவில் 'யாழ்ப்பாணத்து மிஸ்'. என் வயிற்றில் பிறந்த சுண்டெலி மட்டும் ஊருக்கெல்லாம் 'மனே', சொந்தப் பிள்ளை. அவர்களோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்து இழுக்கிறாளாம்! நான் மணலில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு விருந்தாளியாக நின்றேன்.

அன்று இரவு நான் வைத்த இறால் கறியை நுனிநாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பெரியம்மா வைக்கிற மாதிரி இல்ல" என்றாள். "அப்ப அங்கயே போய்ச் சாப்பிடு" என்றேன். உண்மையாகவே சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "நீதானே போகச் சொன்னனீ" என்று கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையைப் பெற்றவள் நான், அவள் வாயில் இருக்கிற பாஷையும் ருசியும் இன்னொருவருடையவை. டவுனில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் பேசி, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவளை அங்கே விடுவதென்று ஏற்பாடு செய்தேன். வீட்டுக்காரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் கண்ணகை அம்மன் கோயில் சடங்கு. முதல் நாள் பின்னேரம், வீட்டுக்காரம்மாவின் உறவுக்காரப் பெண் ஒருவர் வந்திருந்தார். என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "நீங்க என்ன குடி?"

"ஐயோ, எங்கட வீட்டில குடிக்கிற பழக்கம் இல்லை" என்றேன். "இவர் மட்டும் எப்பவாவது கலியாண வீடுகளில..." என்று இழுத்தேன்.

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு வீட்டுக்காரம்மா விளங்கப்படுத்தினார். இந்தப் பக்கத்துச் சனத்துக்குக் குடி என்றால் வம்சம். சடங்கின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு உரியது. குடி தாயிடமிருந்துதான் வரும், தகப்பனின் குடி பிள்ளைக்குக் கிடையாது. "எனக்கு ரெண்டும் ஆம்பிளப் புள்ளையள். அவனுகள்ட புள்ளையளுக்குப் பொஞ்சாதிமார்ட குடி. என்னோட முடிஞ்சிது" என்றார், வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டே. நான் இரக்கப்பட்டிருக்க வேண்டிய இடம். என் மகள் அவருடைய தோளில் சாய்ந்து வாய் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு இரக்கம் வரவில்லை.

மறுநாள் அவர்களுடைய குடியின் முறை. பெண்கள் மடைப்பெட்டியோடு போனார்கள். அரிசி, தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் வைத்து வெள்ளைத் துணியால் மூடிய பெட்டி. நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன், கும்பிட என்பதைவிட மகளைக் கண்காணிக்க. சனத்துக்குள் என் கையை உதறிவிட்டு ஓடிப்போய் அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். கோயில் காரியங்களுக்குப் பொறுப்பான வண்ணக்கர் வாசலில் நின்று பெட்டிகளை வாங்கிக்கொண்டிருந்தார். குனிந்து மகளைக் கேட்டார்: "நீ என்ன குடி மனே?"

அவள் யோசிக்கவே இல்லை. வீட்டுக்காரம்மாவின் குடிப்பெயரைக் கோயிலுக்கே கேட்கும்படி சொன்னாள்.

பெண்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரம்மாவின் முகத்தில் அப்படியொரு பூரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குடி தாயிடமிருந்து வரும் என்றால், இத்தனை பேருக்கு முன்னால் என் பிள்ளை தன் தாய் யாரென்று சொல்லிவிட்டாள். சனத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன்.

"அவள் என்ர பிள்ளை" என்றேன். குரல் கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது. "நான்தான் தாய். எங்களுக்குக் குடி ஒண்டும் இல்லை."

சிரிப்பு நின்றது. வண்ணக்கர் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "தாய்க்கு இல்லாத குடி புள்ளைக்கு எங்கால வரும்?" என்றார். அப்பாடா, நியாயம் என் பக்கம் என்று நினைத்தேன். அவர் முடிக்கவில்லை. "புள்ள அம்மன்ட வாசல்ல நிண்டு பொய் சொல்லாது. அப்ப நீங்களும் இந்தக் குடிதான். ஏன் பின்னால நிக்கிறீங்க? முன்னுக்கு வாங்க."

வீட்டுக்காரம்மா தன் கையிலிருந்த மடைப்பெட்டியை என் கையில் வைத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. பிள்ளையைப் பறித்துக்கொண்டு வரப் போனவள், இரண்டு கையிலும் பெட்டியோடு நின்றேன்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். ஆனால் அது ஆள் மாறிவிட்டது. இத்தனை மாதமாக நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஊருக்குள், ஒருவரையும் கேட்காமல் நுழைந்து, போதாததற்கு என்னையும் சிபாரிசு செய்துவிட்டு நிற்கிற சின்னவள்மேல்தான் எனக்கு அவ்வளவு எரிச்சலும் என்று அப்போது விளங்கியது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நேராப் பிடிங்க. கொட்டப் போகுது" என்றாள்.

நேராகப் பிடித்தேன்.