ஆறு மேலே இருந்த வரைபடம்

ஆங்கிலப் பரீட்சைக்கு நான் படிக்கத் தொடங்கியபோது மகளுக்கு மூன்று வயது. தலவாக்கலையில் ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில் தாதியாக இருந்தேன். வெளிநாட்டில் தாதி வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் அந்தப் பரீட்சையின் நான்கு பகுதிகளிலும் அவர்கள் கேட்கும் புள்ளி வர வேண்டும். எழுத்தும் பேச்சும் எப்படியாவது தேறிவிடும் என்று நம்பினேன். கேட்டலும் வாசிப்பும்தான் பயமாக இருந்தன.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்டவர்களிடம் பிள்ளையின் படிப்புக்கு என்று சொல்வேன். அது பொய்யில்லை. ஆனால் மனதுக்குள் நான் கேட்டது ஒரு வீடு. பெரிய வீடோ சொந்த வீடோ கூட வேண்டாம், நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருக்கிற ஒரு வீடு. கணவர் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தார். கடைக்கு மேலேயே ஓர் அறையில் மற்ற ஆட்களோடு தங்கியிருந்தார். நானும் மகளும் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், அவருடைய அம்மாவான மாமியோடு இருந்தோம். தீபாவளி, பொங்கல், கோயில் திருவிழா என்றால் கணவர் வந்து இரண்டு நாள் இருப்பார். பிள்ளை அவர் மடியில் பழகிக்கொள்ளத் தொடங்கும்போது பையைக் கட்டிவிடுவார். கல்யாணமானதிலிருந்து இதுதான் வழக்கம். முதலில் நான் போவது, பிறகு அவர்கள் இருவரையும் கூப்பிட்டுக்கொள்வது என்று பேசி வைத்திருந்தோம். அந்த 'முதலில்' எவ்வளவு காலம் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் என்னிடம் கேட்கவில்லை.

கேட்டல் பயிற்சியின் முதல் பகுதியில் பெரும்பாலும் யாராவது தொலைபேசியில் பேசுவார்கள். ஒரு பெண் வாடகைக்கு வீடு தேடுவாள். எத்தனை அறை, பஸ் தரிப்பிடம் பக்கத்திலா, குளியலறையில் சுடுதண்ணீர் வருமா என்றெல்லாம் கேட்பாள். ஒருதடவைதான் ஒலிக்கும், கேட்கும்போதே வெற்றிடங்களை நிரப்ப வேண்டும். எனக்கோ அந்த வீட்டுக்குள் போய்விட்டால் வெளியே வரத் தெரியாது. யன்னலோரம் மகளின் கட்டிலைப் போட்டுப் பார்ப்பேன். கணவர் செருப்பை எங்கே கழற்றி வைப்பார் என்று யோசிப்பேன். அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிடுவாள், என் தாள் பாதி காலியாக இருக்கும்.

கொழுந்து எடுத்துவிட்டு வந்து கால் நீட்டி உட்காரும் மாமி, நான் காதில் இயர்போன் மாட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"அந்த வெள்ளக்காரன் காதுக்குள்ள அப்பிடி என்னதான் சொல்றான்? ஒங்க மாமா இருந்த வரைக்கும் எங்கிட்ட இவ்வளவு பேசுனதில்லையே."

அந்தப் பகுதி மெல்லமெல்லப் பிடிபட்டது. வரைபடக் கேள்விதான் பிடிபடவே இல்லை. ஒரு பூங்காவின் படமோ பண்ணையின் படமோ தாளில் இருக்கும். நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள், நேராகப் போய் இடது பக்கம் திரும்புங்கள் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகும். எந்த எழுத்து எந்தக் கட்டடம் என்று நாம் குறிக்க வேண்டும். எத்தனை பயிற்சி செய்தாலும் அதில் எனக்குப் பிழைதான். ஆங்கிலம் விளங்காமல் இல்லை. பதிவின் எழுத்து வடிவத்தை எடுத்து வாசித்தால் ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான்.

ஒருநாள் ஒரு படத்தில் ஆற்றுப் பக்கத்துக் கட்டடத்தைக் கேட்டார்கள். நான் தாளின் அடியில் ஆற்றைத் தேடினேன். தேடிக்கொண்டிருக்கும்போதே குரல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. ஆறு தாளின் மேல் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் தோட்டத்தில் யாரும் இடது, வலது என்று வழி சொல்வதில்லை. மேல் லயம், கீழ் லயம், தண்ணீர் பிடிக்கும் பைப்படிக்கு மேலே, கோயிலுக்குக் கீழே என்றுதான் சொல்வோம். போகும்போது இடக்கைப் பக்கம் மலை, திரும்பி வரும்போது அதே கைப் பக்கம் பள்ளம். அந்த ஊரில் இடதை வைத்து என்ன செய்வது? நான் எந்தத் தாளைப் பார்த்தாலும் அதன் மேல் பக்கத்தை மேடாகவும் கீழ்ப் பக்கத்தைப் பள்ளமாகவும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருடம் படித்தும் எனக்கு இது தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அன்று கணவர் போனில் பேசியபோது சொன்னேன். "தண்ணி எப்பவும் கீழதானங்க இருக்கும்?"

அவர் சிரித்தார். "நான் வந்த புதுசுல ஒருத்தர்கிட்ட கடைக்கு வழி கேட்டேன். மேலயா கீழயான்னு கேட்டதுக்கு அந்தாளு வானத்தக் காட்டிட்டுப் போயிட்டான். இங்க எல்லாம் தட்டை, புள்ள. சோத்துக்கைப் பக்கம், நொட்டாங்கைப் பக்கம், அவ்வளவுதான்."

அடுத்த ஞாயிறு அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நின்று நின்று, தங்கியிருந்த அறையிலிருந்து பஸ் தரிப்பிடத்துக்கு வழி சொல்லியிருந்தார். பின்னால் பஸ் இரைச்சலும் யாரோ சிங்களத்தில் கூப்பிடுவதும் கேட்டன. நான் அதைக் கேட்டு வழியைத் தாளில் வரைபடமாகக் கீறி, படம் எடுத்து அனுப்பினேன். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று அனுப்பினார். சந்தை, கோயில், அவர் தேநீர் குடிக்கும் கடை. நான் பார்த்திராத அந்தத் தெருக்கள் எனக்கு மனப்பாடமாகின. பிழைகள் குறைந்தன.

பிறகு ஒரு ஞாயிறு தெருவை விட்டுவிட்டார். கதவைத் திறந்தால் இடது பக்கம் சமையலறை, எதிரே ஒரு சின்ன அறை, அது பாப்பாவுக்கு, அதற்குப் பக்கத்தில் நம்முடையது, பின்னால் துணி காயப்போட இடம் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனார். எந்த வீடு என்று சொல்லவில்லை. நான் கீறி முடித்துவிட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு தொலைபேசியில் கேட்டேன்.

"மாமிக்கு எங்கங்க ரூம்?"

"அம்மாகிட்ட கேட்டேன். தோட்டத்த விட்டு வரமாட்டேன்னு சொல்லிருச்சு."

எப்போது கேட்டார் என்று எனக்குத் தெரியாது. மாமி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு இயர்போனை மாட்டும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. நான் செய்வது சரியா என்று நூறு தடவை யோசித்தேன். படிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

பரீட்சை கண்டியில் நடந்தது. வரைபடத்தில் ஒரு குளம் வந்தது, தாளின் மேல் மூலையில். பதறாமல் குறித்தேன். ஆனால் வாசிப்பில் நேரம் போதவில்லை. மருந்துத் தாளை இரண்டு தடவை வாசிக்காமல் மருந்தைத் தொடக் கூடாது என்று பழகிய கண், பரீட்சைத் தாளில் எறும்புகளைப் பற்றி வந்த பந்தியையும் வரிக்கு இரண்டு தடவை வாசித்தது. காலையில் மகளுக்கு உடம்பு லேசாகச் சுட்டதும் நினைவில் வந்து வந்து போனது. கடைசிக் கேள்விகளுக்குத் தோன்றியதை எழுதிக் கொடுத்தேன்.

முடிவு வந்தபோது கேட்டல் தேறியிருந்தது. வாசிப்பில் கொஞ்சம் குறைந்திருந்தது. அந்தக் கொஞ்சத்துக்காகத் திரும்பவும் எழுத வேண்டும். இன்னொரு தடவை பார்ப்போம் என்றார் கணவர். தேதி தீபாவளி கழித்து உடனே கிடைத்தது.

தீபாவளிக்கு அவர் வந்தார். இரண்டாம் நாள் பிற்பகல் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாமி பலகாரத்தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். கட்டிலில் கணவர் மல்லாந்து கிடக்க, மகள் அவர் வயிற்றில் காலைப் போட்டுத் தூங்கினாள். நான் யன்னலடியில் போனில் நேரத்தை வைத்துவிட்டு, ஒரு பயிற்சித் தாளோடு உட்கார்ந்திருந்தேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "போதும், வந்து படு. நாளைக்குப் போயிருவேன்ல."

"இந்த ஒரு பந்திங்க. இப்ப வந்துர்றேன்."

அவர் நகர்ந்து இடம் விட்டார். எனக்கும் அங்கே போய்ப் படுக்கத்தான் ஆசை. மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ், கதவு சாத்தியிருக்க, மழை பெய்ய, வேறென்ன கேட்டேன் நான்? ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நிறுத்தினால் அந்தப் புள்ளி எப்படி வரும் என்று தோன்றியது. கண்ணாடி எப்படிச் செய்கிறார்கள் என்று அந்தப் பந்தியை வாசித்துக்கொண்டே போனேன். முடித்து விடைகளைத் திருத்திப் பார்த்தேன். போதுமான புள்ளி, முதல் தடவையாக.

சொல்லலாம் என்று திரும்பினேன். மழை விட்டிருந்தது. அவர் எழுந்து, நாளை விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கொடியிலிருந்த சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.