மதுரைக்குப் போன வெறும் கவர்

முதல் அறிகுறி என் கழுத்திலோ நெஞ்சிலோ தெரியவில்லை. ஒரு கவரில் தெரிந்தது.

நான் ஒரு நாளிதழின் திண்டுக்கல் நிருபர். தினமும் மாலையில் செய்திகளை எழுதிக் கவரில் போட்டு ஒட்டி, 'செய்தி, அவசரம்' என்று மேலே எழுதி, மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். அங்கே அலுவலக ஆள் வந்து வாங்கிக்கொள்வார். அன்று கவர் போனது. எழுதிய தாள்கள் என் மேசையிலேயே கிடந்தன.

செய்தி ஆசிரியர் போனில் பிடித்தார். "என்னய்யா, வெறும் கவரா வந்திருக்கு? திண்டுக்கல்லுல இன்னைக்கு ஒண்ணும் நடக்கலங்கிறதுதான் செய்தியா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"திண்டுக்கல்லு இப்ப தனி மாவட்டம் ஆகிப்போச்சுய்யா. ஓடுற ஆளு வேணும். முடியலைன்னா சொல்லிரு, வேற ஆளப் பாக்குறேன்."

அவர் சொன்னதில் தவறில்லை. பல மாதங்களாகவே நான் ஓடவில்லை. கலெக்டர் அலுவலகப் படிகளில் பாதியில் நின்றேன். நகராட்சிக் கூட்டத்தில் தூங்கினேன். சித்திரை வெயிலில் போர்வை கேட்டேன். குரல் கரகரத்தது. முகம் ஊதியது, பார்த்தவர்கள் செழிப்பு என்றார்கள். எழுத உட்கார்ந்தால் முதல் வரி வராது. வரவில்லையே என்ற கவலையும் வராது. இரண்டாவதுதான் மோசம்.

சோம்பல் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். என் மனைவி ஸ்டெல்லா ஒப்புக்கொள்ளவில்லை.

"சோம்பேறிய நான் பாத்ததில்லையா? எங்க அண்ணன் இருக்கானே. அவன் தூங்கி எந்திரிச்சா மூஞ்சி பளிச்சுனு இருக்கும். ஒங்களுக்கு அப்பிடி இல்லையே. கெளம்புங்க டாக்டர்கிட்ட."

டாக்டரம்மா என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே சிறு சுத்தியலால் தட்டினார். பாதம் அசைந்தது; பழைய நிலைக்கு வர நேரம் எடுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா, ஒங்க காலும் லேட்டாத்தான் வருது" என்றார்.

ரத்தம் சோதனைக்கு மதுரை போனது. வந்த முடிவு: தைராய்டு குறைவு (உடம்பின் வேகத்தை நடத்தும் கழுத்துச் சுரப்பி போதிய அளவு சுரக்காத நிலை). ஆயுள் முழுக்க மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும்; காப்பிக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

"காப்பி இல்லாமயா?" ஸ்டெல்லாதான் பதறினாள். "அம்புட்டு நேரம் இவரோட யாரு இருக்குறது டாக்டரம்மா?"

இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். மாத்திரை வேலை செய்யும். எனக்குச் சில வாரங்களில் குளிர் விட்டது. பிறகு முகம் வடிந்தது, படிகளில் நிற்காமல் ஏறினேன். ஆனால் வேலையின் மேல் இருந்த ஆசை திரும்பவில்லை. உடம்பு வந்துவிட்டது, ஆள் வரவில்லை. மதுரையில் செய்தி ஆசிரியர் காத்திருந்தார்; அவர் பொறுமை குறைந்துகொண்டே வந்தது.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல. சின்னதா ஒரு வேல எடுத்துத் தெனமும் செய்ங்க. பிடிச்சாலும் செய்ங்க, பிடிக்காட்டியும் செய்ங்க."

சின்னதாக எதை எழுதுவது என்று வீட்டில் கேட்டேன். ஸ்டெல்லா இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்தாள்.

"இந்தத் தண்ணி எப்ப வரும்னு எழுதுங்க. ஊரு சனம் வேலைய விட்டுட்டுக் குழாயடியில கெடக்கு."

எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. எந்தத் தெருவுக்கு எப்போது என்பது வால்வு திறப்பவருக்குத்தான் தெரியும். மறுநாள், அவர் நீண்ட இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் போய்ப் பிடித்தேன். அடுத்த நாள் எந்தெந்தத் தெரு என்று கேட்டு மூன்று வரி எழுதினேன். பத்திரிகையில் ஒரு மூலையில் வந்தது. தினமும் போனேன், தினமும் மூன்று வரி. ஆர்வம் எதுவும் இல்லை. பல் விளக்குவதைப் போலச் செய்தேன்.

ஒரு நாள் சலிப்பில் விட்டுவிட்டேன். மறுநாள் காலை, மாத்திரை போட்டுவிட்டுக் காப்பிக்குக் காத்திருந்தபோது வாசலில் பெண்கள், குடங்களோடு.

"ஏன் அப்பு, இன்னைக்குப் பேப்பர்ல தண்ணியக் காணோம்? ஒடம்புக்கு முடியலையா?" என்றார் மூத்தவர்.

"பேப்பர நம்பித்தான் எம்மருமகள வேலைக்கு அனுப்புறேன்" என்றார் இன்னொருவர். "இன்னைக்கு யாரு வந்து புடிக்கிறது, நீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். வால்வுக்காரரை வழியில் மடக்கித் தெருக்களைக் கேட்டு, திரும்பி வந்து வாசலில் நின்று வாயாலேயே செய்தி சொன்னேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. காப்பியின் நினைப்பும் இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் இரண்டையும் கவனித்தேன்.

நான் எழுதுவதற்காக ஒரு தெரு காத்திருந்தது. அன்று தண்ணீர் ஏன் இப்படி வருகிறது என்று கேட்டுக்கொண்டு நீரேற்று நிலையம் வரை போனேன். மாலையில் தாள்கள் கவரில் அடங்கவில்லை. அந்தக் கட்டுரை முதல் பக்கத்தில் வந்தது.

செய்தி ஆசிரியர் போன் செய்தார். "வேற ஆளு பாக்கல. ஒன் கவர் இப்ப இருக்குற கனத்துக்குக் கண்டக்டரு டிக்கெட் கேக்குறானாம்யா."

இந்த முறை அவரும் சிரித்தார்.

முன்பெல்லாம் என் நாள், பஸ் புறப்படும் நேரத்தை வைத்துத்தான் ஓடியது. இப்போது மாத்திரைக்கும் காப்பிக்கும் நடுவே உள்ள காத்திருப்பில் தொடங்குகிறது. தினமும் சாவி போட்டுத் திறக்க வேண்டிய உடம்பு இது. ஆசை வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நான் கிளம்பிவிடுகிறேன்; அது வழியில் எங்காவது வந்து சேர்ந்துகொள்கிறது.

ஒட்டுவதற்கு முன் கவருக்குள் விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. இதுவரை ஒவ்வொரு முறையும் தாள் இருந்திருக்கிறது.